இறக்கிப்பாறையும் ஆறாவது வெடியும்

பாறையில் குழி போடுவது, வெடிமருந்து திணிப்பது, திரி வெட்டுவது எல்லாம் புதிதாக வெடி வைக்க வந்திருக்கிற உங்களுக்கு லைசென்ஸ் கொடுத்தவர்கள் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதைப் பற்றி நான் ஒரு வரி எழுதப் போவதில்லை. இப்போது தள்ளி நின்று பொத்தானை அமுக்கினால் வெடிக்கிறதாம். நல்ல காரியம். எங்கள் காலத்தில் திரியைக் கொளுத்திவிட்டு ஓட வேண்டும். ஓடத் தெரியாதவன் இந்தத் தொழிலுக்கு வரவே கூடாது என்று எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர் சொல்வார். அவரும் நன்றாகத்தான் ஓடுவார், ஒரு கையில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு.

நான் சொல்ல வந்தது பாறைக்குக் கீழே நடந்து போகிற ஆட்களைப் பற்றி. வெடி எல்லைக்குள் ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது என்று உங்கள் பாடத்தில் ஒரு வரி இருக்கும். அந்த வரியை எழுதினவர் போடி மலையடிவாரத்தில் ஒரே ஒரு சந்தை நாள் வந்து நின்றிருந்தால் அவ்வளவு சுருக்கமாக எழுதியிருக்க மாட்டார்.

எனக்குச் சொந்த ஊர் ராசிங்காபுரம். முதலில் கிணற்று வெட்டுக்கு வெடி வைத்துக்கொண்டிருந்தேன். கிணற்றில் வெடி வைப்பதில் ஒரு நிம்மதி உண்டு. கிணற்றுக்காரரே தெருத்தெருவாகப் போய் ஆடு மாடு, பிள்ளை குட்டி எல்லாவற்றையும் விலக்கிவிடுவார். ஐம்பதுகளில் மலை ரோட்டு வேலை மும்முரமானபோது குரங்கணிக்குப் போகும் வழியில், அடிவாரத்தில், ஒரு காண்ட்ராக்டர் கல் குவாரி எடுத்திருந்தார். ரோட்டுக்கு ஜல்லி, பாலத்துக்குக் கட்டுக்கல். அங்கே வெடி மேஸ்திரியாகப் போய்ச் சேர்ந்தேன். அப்போது எனக்கு மீசை மட்டும்தான் பெரிது.

குவாரிக்குக் கீழே ஒரு பாதை. மேலே ஏலத்தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள் சந்தைக்கு இறங்குவதும், ஏலக்காய் மூட்டைகளோடு கோவேறு கழுதைகள் வருவதும், திரும்பும்போது அரிசி பருப்பு ஏறுவதும் அந்த வழியாகத்தான். ஒரு பக்கம் நாங்கள் வெட்டுகிற பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளத்தில் ஓடை. விலகிப் போக இடம் கிடையாது. எங்களுக்கு அது வெட்டுக்குத் தோதான பாறை. அவர்களுக்கு அது தினமும் போய் வருகிற வழி. இது இரண்டும் ஒரே இடத்தில் இருந்ததுதான் தொல்லை.

முதலில் கொடி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எல்லாக் குவாரியையும் போல அங்கேயும் எச்சரிக்கைக்குச் சிவப்புக் கொடி பிடித்தார்கள். பாதையின் மேல்முனையில் ஒருவர், கீழ்முனையில் ஒருவர். மேல்முனையில் நின்றவர் வேலு, என்னோடு கிணற்று வெட்டில் இருந்தவர். ஒரு நாள் திரிக்கு நெருப்பு வைக்கப் போகிற சமயத்தில் வேலு தொண்டை கிழியக் கத்துவது கேட்டது. எட்டிப் பார்த்தேன். தோட்டத்து ஆட்கள் ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம், அவருடைய கொடிக்கு அடியில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தோட்டங்களில் அப்போதுதான் சங்கம் வந்திருந்தது. சிவப்புக் கொடி பறந்தால் கூட்டம் என்று அர்த்தம். கூலியைப் பற்றி யாரோ பேசப் போகிறார்கள் என்று மேலே இருந்து கொடியைப் பார்த்து இறங்கி வந்திருக்கிறார்கள்.

"பேசுறவுக எப்ப வருவாக?" என்று ஒரு பெண் கேட்டாளாம்.

"பாறைதான் பேசப் போகுது ஆத்தா, எந்திரிச்சு மேல போங்க" என்றாராம் வேலு.

அன்றைக்கு நான் நெருப்பு வைக்கவில்லை. குவாரி மானேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் மதுரைக்காரர், படித்தவர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். காண்ட்ராக்டருக்குப் பயந்தவர், அவ்வளவுதான். "கொடி சின்னதா இருக்குய்யா, பெருசா தைக்கச் சொல்றேன்" என்றார். "பெரிய கொடி பிடிச்சா பெரிய கூட்டமா வரும் சார்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டார்.

கொடியை மடித்து வைத்துவிட்டு, கையை அடையாளமாக வைத்துக்கொண்டோம். பாதையின் நடுவில் ஓர் ஆள் நின்று வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினால் நிற்க வேண்டும், இறக்கினால் வரலாம். கழுதைக்காரர்களிடமும் சந்தைக்கு வருகிற பெண்களிடமும் ஒவ்வொருவராகச் சொல்லிச் சொல்லிப் பழக்கினோம். ஒரு மழைக்காலம் முழுக்க அதுவே சோலியாக இருந்தது. நீங்களும் எந்த ஊர் போனாலும், அந்த ஊர்க்காரருக்கு எதைப் பார்த்தால் என்ன தோன்றும் என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். மருந்துப் பெட்டியைப் பிறகு திறக்கலாம்.

இனி, தலைப்பில் சொன்ன பாறை. நான் போய்ச் சேர்வதற்கு முன்பே அது போய்விட்டது. அதனால் கண்ணால் பார்த்ததில்லை, கேட்டதுதான்.

தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மேலே குடியிருக்க ஒரு லயன் வீடு உண்டு. செத்தால் புதைக்க இடம் கிடையாது. அது முதலாளியின் நிலம், அங்கே ஏலச்செடிதான் வைக்கலாம். அதனால் மேலே யார் செத்தாலும் பாடை கட்டி, மலையை விட்டு இறக்கி, அடிவாரத்துச் சிற்றூரில் அவர்களுடைய மயானத்துக்குக் கொண்டு வருவார்கள். பாடையைத் தூக்கிவிட்டால் வழியில் கீழே வைக்கக் கூடாது, திரும்பிப் போகக் கூடாது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் இறக்கலாம். மலை முடிந்து சமதளம் தொடங்குகிற இடத்தில் மேசை போல ஒரு பாறை இருந்தது. அதற்கு இறக்கிப்பாறை என்று பெயர். அதில் பாடையை வைத்து, தலைமாடு கால்மாடு மாற்றி, ஒரு பிடி அரிசி போட்டுவிட்டுத் திரும்பத் தூக்குவார்கள். தூக்கி வந்தவர்கள் மூச்சு வாங்கிக்கொள்வதும் அங்கேதான்.

குவாரி எடுத்த புதிதில் அந்தப் பாறையை உடைத்து ரோட்டில் போட்டுவிட்டார்கள். உடைத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கைக்கு எட்டுகிற உயரத்தில், வெடிப்பில்லாத நல்ல கல். அதன் மேல் கிடந்த காய்ந்த அரிசியைப் பார்த்து, குருவிக்கு யாரோ போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தார்களாம். தோட்டத்து ஆட்கள் வந்து சத்தம் போட்டார்கள். தாசில்தாருக்கு மனு போட்டார்கள். வேறு மேடை கட்டித் தருகிறோம் என்று மானேஜர் சமாதானம் சொன்னார். கட்டவில்லை. அதற்குப் பிறகு வந்த பாடைகளையெல்லாம் தோளில் வைத்தபடியே தலை மாற்றிக்கொண்டு போனார்கள். குவாரிக்காரர் யாரையும் அவர்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இந்த நிலைமையில்தான் அந்தச் சாயங்காலம் வந்தது.

ஏலக்காய் பறிப்புக் காலம். அன்றைக்கு ஆறு குழி. நெருப்பு வைத்துவிட்டு ஓடி வந்து மறைவில் உட்கார்ந்து சத்தத்தை எண்ணினேன். ஏன் எண்ண வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு குழி வெடிக்காமல் தங்கிவிட்டால் அது அப்போதே வெடிக்கலாம், வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம் கழித்தும் வெடிக்கலாம், வெடிக்காமலே கிடந்து மறுநாள் கடப்பாரை போடுகிறவன் முகத்தில் வெடிக்கலாம். ஆறு சத்தம் கேட்டேன். மலை எதிரொலியைக் கழித்து ஆறு. ஆபீஸ் கொட்டகையில் இருந்த மானேஜரும் ஆறு எண்ணினார். கீழ்முனையிலும் ஆறு. கணக்கு சரி என்று துண்டை உதறிக்கொண்டு மேல்முனைக்கு நடந்தேன்.

அங்கே வேலு கையைத் தூக்கியபடி நிற்கிறார். அவருக்கு எதிரில் ஒரு பாடை. கொட்டு அடிப்பவர் இரண்டு பேர், தூக்குகிறவர்கள், பின்னால் பத்துப் பதினைந்து பேர். பாடைக்கு முன்னால் ஒருவர் தோளில் பையோடு, கையில் புகைகிற கயிற்றோடு நின்றார். அது வேட்டுக்கு நெருப்பு வைக்கிற கயிறு. நம் பக்கத்தில் பாடைக்கு முன்னால் வேட்டுப் போட்டுக்கொண்டு வருவார்கள், உங்களுக்குத் தெரியாததா.

"வழியில வேட்டுப் போட்டீகளா?" என்று கேட்டேன்.

"போடாம?" என்றார் அவர். "ஓடை தாண்டுறப்ப ஒண்ணு போட்டேன்."

"எப்ப?"

"இந்தா, நீங்க போட்டுக்கிட்டு இருந்தீகள்ல, அப்பத்தேன். எது எங்க வேட்டு எது ஒங்க வேட்டுன்னே தெரியல."

ஓடைத் திருப்பம் அங்கிருந்து கூப்பிடு தூரம். நான் கேட்ட ஆறில் ஒன்று அவருடையது. அப்படியானால் குவாரியில் வெடித்தது ஐந்து. ஒன்று தங்கியிருக்க வேண்டும். அல்லது இரண்டு திரி ஒரே சமயத்தில் எரிந்து இரண்டும் சேர்ந்து வெடித்திருக்கலாம், அதுவும் நடப்பதுதான். எது என்று அங்கே நின்றுகொண்டு யாராலும் சொல்ல முடியாது. பொறுத்திருந்து மேலே ஏறிப் பார்த்தால்தான் தெரியும். பாதையோ அந்தப் பாறையின் காலடியில் போகிறது.

வேலுவிடம் கையை இறக்காதே என்று சொல்லிவிட்டு, "அரை மணி நேரம் நிக்கணும். ஒரு வெடி தங்கியிருக்கும்போல இருக்கு" என்றேன்.

பாடையின் முன்கொம்பைத் தோளில் வைத்திருந்தவர் என்னைப் பார்த்தார். இறந்தவரின் மகன். பெயர் மாரி. கழுதை ஓட்டுகிறவர். அந்தப் பாதையில் பல தடவை பார்த்த முகம், ஆனால் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"பொழுது விழுகுறதுக்குள்ள அடக்கம் பண்ணணும்" என்றார்.

"தெரியும்."

"திரும்பிப் போகக் கூடாது. கீழ வைக்கக் கூடாது. வைக்கிறதுக்கு இருந்த பாறையத்தேன் ஒடச்சு ரோட்டுல போட்டுட்டீக. இப்ப நடுவழியில நிக்கச் சொல்றியா?"

"நிக்கத்தான் வேணும்" என்றேன்.

பொழுது சாய்ந்தால் என்ன ஆகும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இருட்டிய பிறகு அடக்கம் செய்வது அவர்களிடம் வழக்கமில்லை. ஊருக்கு வெளியே செத்தவரின் உடலை ஊருக்குள் எந்த வீட்டிலும் வைக்க விடமாட்டார்கள். மழை இறங்கப் போகிற இரவில் தகப்பனை எங்கே வைத்துக்கொண்டு உட்காருவது? அதுதான் அந்த மகனுக்குக் கவலை. பெற்றவனை ஒழுங்காகக் கொண்டு போய்ச் சேர்க்கவில்லை என்ற பேச்சு அவரோடு போகாது, பேரன் காலம் வரை வரும்.

அதற்குள் மானேஜர் மூச்சு வாங்க வந்துவிட்டார். என்னைத் தனியாக இழுத்தார். "ஆறு குழி, ஆறு சத்தம். நானே எண்ணினேன். விடுய்யா."

"ஒண்ணு அவுக வேட்டு சார்."

"அது ஏழாவதா இருக்கும்."

"ஏழு நீங்க கேட்டீகளா?"

அவர் குரலை இறக்கி, "ஏற்கெனவே பாறைக்கு மனுப் போட்டிருக்காங்க. இப்ப பொணத்த மறிச்சோம்னா குவாரியவே மூடிருவாங்க. நம்ம எல்லார் பொழப்பும் போயிரும்" என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தக் குவாரியில் கல் உடைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பங்கள் நிறைய.

"விட்டு, பாறைக்குக் கீழ போறப்ப வெடிச்சா சார்?" என்று கேட்டேன். அவர் திரும்பிக்கொண்டார்.

மாரிக்குப் பொறுமை போய்விட்டது. "யோவ் மேஸ்திரி, தள்ளு. செத்தவருக்கு இனி என்னா வந்துறப் போகுது? வெடிச்சா வெடிக்கட்டும்."

"அவருக்கு ஒண்ணும் வராது அப்பு. தூக்குறவுக நாலு பேரு இருக்காகல்ல. பின்னால ஒங்க ஆத்தா வருதுல்ல."

வேலுவை நகரச் சொல்லிவிட்டு நானே பாதையின் நடுவில் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். கூட்டத்தில் இரண்டு பேர் கம்பு வைத்திருந்தார்கள். ஒருவர் என் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினார். இரண்டடி பின்னால் போய் மறுபடி நின்றேன். எனக்குப் பயமாக இருந்தது, நன்றாகவே பயமாக இருந்தது. கை மட்டும் கீழே வரவில்லை. இறங்கினால் வரலாம் என்று நாங்களே பழக்கி வைத்திருக்கிறோம் அல்லவா, அந்த நினைப்புதான்.

யாரும் அடிக்கவில்லை. கொட்டு நின்றுவிட்டது. எல்லாரும் அப்படியே நின்றோம்.

மேலே தோட்டத்தில் பறிப்பு நேரத்தில் ஆளுக்கு லீவு கொடுப்பதில்லை. மாற்றுத் தோள் கொடுக்க அவர்களிடம் ஆள் இல்லை. மத்தியானத்திலிருந்து மலை இறங்கி வந்த அதே நான்கு பேர்தான். நடக்கும்போது தெரியாத பாரம் நிற்கும்போது தெரியும். பின்கொம்பில் இருந்தவருக்கு முழங்கால் ஆடத் தொடங்கியது. பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பெண்கள் பக்கமிருந்து ஒரு சத்தம் எழுந்தது.

வேலு துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனார். அவருக்குப் பின்னால் கல் உடைக்கிறவர்கள் மூன்று பேர். உடம்பு முழுக்கக் கல்தூசி. "குடுங்கப்பு, கொஞ்ச நேரம் நாங்க பிடிக்கிறோம்" என்றார் வேலு.

கூட்டத்தில் இருந்த பெரியவர் ஒருவர் கையை நீட்டித் தடுத்தார். "பங்காளிகளத் தவிர ஆரும் தோள் குடுக்குறது இல்ல." அவர் சொன்னதற்குள் சாதியும் இருந்தது, குவாரிக்காரர்கள் மேல் இருந்த கோபமும் இருந்தது. வேலு நின்ற இடத்தில் நின்றார். பின்கொம்புக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது இறந்தவரின் மனைவி முன்னால் வந்தார். அழுது ஓய்ந்த முகம். பெரியவரைப் பார்த்துத்தான் பேசினார். "காலம்பூரா அடுத்தவுக மூட்டையச் சொமந்தே செத்தாரு இந்த மனுசன். இன்னிக்கு அடுத்தவுக அவரச் சொமக்கட்டும். நீங்க சும்மா இருங்க."

பெரியவர் கையை இறக்கினார். நான்கு குவாரி ஆட்கள் கொம்புக்கு அடியில் தோளைக் கொடுத்தார்கள். மாரி மட்டும் விடவில்லை. வேலுவோடு சேர்ந்து முன்கொம்பைப் பிடித்தபடியே நின்றார். நிற்கிற நேரத்தில் எங்கள் ஆட்களில் இன்னும் சிலர் வந்து தோள் மாற்றினார்கள். யாரும் கூப்பிடவில்லை, அவர்களாகவே வந்தார்கள். வெயில் பாதையிலிருந்து நகர்ந்து ஓடைக்கு எதிர்க்கரையில் ஏறிக்கொண்டிருந்ததை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மேற்கே மலை நிற்கிறது, அங்கே பொழுது மற்ற ஊர்களைவிட முன்னாலேயே மறைந்துவிடும்.

பொறுக்க வேண்டிய நேரம் பொறுத்துவிட்டு நான் மட்டும் மேலே ஏறினேன். ஆறு இடத்தையும் குனிந்து குனிந்து பார்த்தேன். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் ஒரே பெரிய பலகையாகக் கல் பெயர்ந்து கிடந்தது. இரண்டும் ஒன்றாக வெடித்திருக்கின்றன. எதுவும் தங்கவில்லை. நான் நெருப்பு வைத்த நேரத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அவர்களை நிறுத்தியிருக்கவே வேண்டியதில்லை.

மேலே நின்று கீழே பார்த்தேன். பாடையில் கட்டிய பச்சை ஓலையும், அதைச் சுற்றி நிமிர்ந்த முகங்களும் தெரிந்தன.

பாதி வழி ஏறி வந்து மானேஜர் நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "ஒண்ணும் இல்லையா?"

"இல்ல சார்."

"அத அப்படியே போய்ச் சொல்லாதய்யா. ஒண்ணு தங்கியிருந்துச்சு, எடுத்துட்டேன்னு சொல்லு. அவங்க உயிரக் காப்பாத்துன மாதிரி இருக்கும். மனுவும் போகும், மனத்தாங்கலும் போகும். யாருக்கு என்ன நஷ்டம்?"

சொல்லட்டுமா என்று எனக்கும் இருந்தது. மறைத்து என்ன ஆகப் போகிறது, ஆசையாகவே இருந்தது. கீழே இறங்குகிற நேரம் முழுக்க அந்தப் பேச்சு வாயில் உருண்டுகொண்டே வந்தது. சொன்னால் மாலை போடாத குறையாகக் கும்பிடுவார்கள். அந்த நான்கு பேருடைய தோள்வலிக்கும் ஒரு அர்த்தம் கிடைக்கும். மாரிக்கும் ஆறுதலாக இருக்கும். யோசித்துப் பார்த்தால் எல்லாருக்கும் நல்லதுதான். ஆனால் நாளைக்கும் நான் அதே பாதையில் கையைத் தூக்க வேண்டும். நாளை மறுநாளும். இல்லாத வெடியை இருந்தது என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், பிறகு என் கைக்கு நானே என்ன மரியாதை கொடுப்பேன்?

பாதைக்கு வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். "ஒண்ணும் தங்கல. எல்லாம் அப்பவே வெடிச்சிருச்சு. நீங்க போகலாம்."

யாரோ ஒருவர் காறித் துப்பினார். "சும்மாவா நிப்பாட்டுன?" என்றார் ஒருவர். பெண்கள் பக்கமிருந்து வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அவர்கள் திட்டியது நியாயம்தான். மாரி வேலுவின் தோளிலிருந்து கொம்பை வாங்கிக்கொண்டார். என்னை ஒரு தடவை பார்த்தார். நான் கையை இறக்கிக்கொண்டு ஓரமாக நின்றேன். கிட்டத்தட்ட ஓட்டமாகவே கொண்டு போனார்கள். கொட்டு ஆட்கள் பின்தங்கிவிட்டார்கள்.

பொழுது அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. அரிக்கேன் விளக்கு வைத்துத்தான் குழியில் இறக்கினார்கள் என்று மறுநாள் கேள்விப்பட்டேன். மலைக்குப் பின்னால் போனால் அது மறைந்ததாகுமா, வெளிச்சம் போனால்தானே மறைந்ததாகும் என்று அந்தப் பெரியவரே வாதாடி, அடக்கம் செய்ய வைத்தாராம். தோளைத் தடுத்த அதே பெரியவர். மனிதர்கள் இப்படித்தான்.

மானேஜர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. குவாரியை மூடிவிடுவார்கள் என்று எல்லாரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். வேறு எங்கே வேலை கேட்பது என்று நான் யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

கருமாதி முடிந்து தலையில் முளைத்தும் முளைக்காத முடியோடு மாரி ஒரு நாள் காலை வந்தார். கழுதைகளைப் பாதையில் நிறுத்திவிட்டு நேராக என்னிடம் ஏறி வந்தார். அடிக்க வருகிறார் என்று வேலு சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"வெடி இருந்துச்சுன்னு நீ சொல்லியிருந்தா நாங்க ஒன்னயக் கும்பிட்டுட்டுப் போயிருப்போம்" என்றார் மாரி. "ஏன் சொல்லல?"

"இல்லாதத எப்பிடிச் சொல்ல?"

அவர் பாறையைப் பார்த்தார். "எங்கய்யா அன்னிக்குச் சும்மாத்தேன் நின்னாரு."

"ஆமா. சும்மாத்தான்."

அவர் கண் கலங்கியது. எனக்கும்தான். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, "இனிமே எங்காளுக சும்மா நிக்கிறதுன்னாலும், வச்சுட்டு நிக்க ஒரு கல்லுக் குடுங்க" என்றார்.

மானேஜரிடம் கேட்கவில்லை. கேட்டால் காண்ட்ராக்டரைக் கேட்பேன் என்பார். அந்த மூன்றாவது நான்காவது குழியில் ஒன்றாகப் பெயர்ந்ததே, அந்தப் பலகைக் கல்லை எங்கள் ஆட்கள் கொத்திச் சமன் செய்தார்கள். மாரி பழைய இறக்கிப்பாறை இருந்த இடத்தைக் காட்டினார். அது வேண்டாம், ஓடைத் திருப்பத்துக்கு மேலேயே போடலாம் என்று நான் சொன்னேன். வெடி எட்டாத இடம் அது. அங்கே மலை முடியவில்லையே என்று அவர் யோசித்தார். மேலே போய் அவர் ஆத்தாவிடமும் பெரியவரிடமும் கேட்டுக்கொண்டு வந்து, சரி என்றார். இரண்டு கால் நட்டு அதன் மேல் கல்லைத் தூக்கி வைத்தோம். தூக்க அவர்கள் ஆட்களும் வந்தார்கள்.

அதற்குப் பிறகு எந்தப் பாடை வந்தாலும் அந்தக் கல்லில் தானாக நின்றது. தலை மாற்றுகிற நேரத்தில் ஓர் ஆள் முன்னால் ஓடி வந்து எங்களிடம் சொல்லிவிடுவார். வேட்டு எல்லாம் கல்லுக்கு மேல்பக்கத்தோடு சரி. நான் கொடி பிடித்தும் கத்தியும் சாதிக்க முடியாததை அந்தக் கல் செய்தது. ஆட்களை ஓரிடத்தில் நிறுத்த வேண்டுமானால், அவர்கள் ஏற்கெனவே எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். அந்த இடத்தை உடைத்துவிட்டு வேறு விதி எழுதாதீர்கள். மனு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. மானேஜர் ஒரு நாள் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு, "எந்த லோடுல கழிச்சீங்க?" என்று கேட்டார். அத்தோடு விட்டுவிட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் மறுபடி ஒரு சந்தேகம். சத்தம் ஒன்று குறைந்தது போல எனக்கு இருந்தது, மற்றவர்கள் சரியாக இருக்கிறது என்றார்கள். பாதையில் மாரி தன் கழுதைகளோடு வந்துகொண்டிருந்தார், முதுகு நிறைய ஏலக்காய் மூட்டை. கூடவே போடிக் கடை ஒன்றின் ஆள். நான் தூரத்திலேயே கையைத் தூக்கினேன். மாரி முன்கழுதையின் கயிற்றை இழுத்துப் பிடித்தார். எல்லாம் வரிசையாக நின்றன.

மழை தூறத் தொடங்கியது. காய்ந்த ஏலக்காய் நனைந்தால் நிறம் போய்விடும், விலை போய்விடும். கடை ஆள் குதித்தார். "போப்பா, சரக்கு நனையுது. அவரு என்னமோ கையத் தூக்கிட்டு நிக்கிறாரு, நீயும் நிக்கிற. போன தடவ சும்மா நிப்பாட்டுனவருதானே இவரு?"

"ஆமா, அவருதேன்" என்றார் மாரி. தன் தலையில் இருந்த சாக்கைக் கழற்றி மூட்டை மேல் போட்டார். கழுதைகளை நகர்த்தவில்லை.

பொறுத்திருந்து மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தேன். மூவரும் தொப்பலாக நனைந்திருந்தோம்.

"இருந்துச்சாண்ணே?" என்று கேட்டார் மாரி.

"இல்ல மாரி. இந்தத் தடவையும் சும்மாத்தான்."

"செரி" என்று சொல்லிவிட்டு முன்கழுதையின் முதுகில் தட்டினார். கடை ஆள் என்னைத் திட்டிக்கொண்டே பின்னால் போனார். நனைந்த மூட்டைகளோடு கழுதைகள் ஒவ்வொன்றாக என்னைத் தாண்டிப் பாறைக்குக் கீழே நடந்தன. மாரி அண்ணாந்து பாறையைப் பார்க்கக்கூட இல்லை.